மாலை போட்ட படம்

தொண்ணூற்று மூன்றில் சீரியல்காரர்கள் எங்கள் சேலையூர் வீட்டைக் கேட்டு வந்தபோது நானே முந்திக்கொண்டு சரி என்றேன். எவனோ வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் எழுதிய பேய்க்கதையாம். கதையில் வந்த கோட்டையைத் தூக்கிவிட்டுத் தாம்பரத்து ஓட்டு வீட்டைப் போட்டுக்கொண்டார்கள். செத்துப்போன மூத்த தாரம் இளையவளை ஆட்டிவைக்கிறாள். மூத்தவள் சுவரில் படமாக மட்டும்தான் வருவாள். அந்தப் படத்தைத்தான் கொண்டுவர மறந்துவிட்டார்கள்.

"அதுக்கென்ன, என் போட்டோ இருக்கே," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே! என் வீட்டுக்காரர் தனசிங் தலையில் அடித்துக்கொண்டார். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி எடுத்தார்கள். முடிந்ததும் டைரக்டர், "அக்கா, செத்தவளாக் காட்டின தோஷம் கழியணும், கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிச்சிடுங்க," என்றார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அதை டிவியில் காட்டவில்லை.

ஒளிபரப்பான மறுநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அப்பா.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பதினோரு வருஷமாக வராத அப்பா. நான் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரைக் கட்டிக்கொண்ட அன்றே, "காந்திமதி செத்துட்டா," என்று ஊர்க் குளத்தில் தலைமுழுகியவர். நான் போட்ட கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிய மனுஷன். என்னைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தாம்பா. இன்னா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?"

"பக்கத்து வூட்டு டிவியில உன் படத்துக்கு மாலை போட்டு வெளக்கு வச்சிருந்தாங்க. உசுரோட கீறவ படத்துக்கு எவனாவது மாலை போடுவானா? பொணத்தை எடுத்துட்டாங்களோ இன்னமோன்னு ஓடியாந்தேன்."

"ஐயோ, அது கதைப்பா!"

அவர் கையிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கிப் பார்த்தேன். அரக்குப் புடவை, மஞ்சள், குங்குமம். பிறந்த வீட்டுக் கோடி. பிணத்தின் மேல் போர்த்துவது.

எனக்கு வந்ததே கோபம்! "பிரசவத்துக்கு வரல. புள்ளைக்குப் பேர் வச்சப்ப வரல. உயிரோட இருக்கிறவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துத் தரத் தோணல. செத்தாத்தான் புடவையா?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"அதைக் குடும்மா, அது ஆவாது. வேற எடுத்துக்கினு வரேன்," என்று கையை நீட்டினார்.

கொடுத்தால் மறுபடி வருவாரா, யார் கண்டது? உள்ளே போய் அதையே கட்டிக்கொண்டு வந்து அவர் காலில் விழுந்தேன். எழுந்து, தோஷம் கழியட்டும் என்று அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.