பத்திரிகையில் மட்டும் பைலட்

என் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'பைலட்' என்று போட்டிருந்தது. மணிவேல் என்ற பெயரைவிட அந்த எழுத்துதான் பெரிதாக இருந்தது. திருமழபாடியில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூடக் கிடையாது. அப்பா வீடு வீடாகப் பத்திரிகை வைத்தபோது, தாம்பாளத்தை நீட்டுவதற்கு முன்னால் அந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்த நான்காம் நாள், பைலட் குளித்துத் திருநீறு பூசி, மாடியிலிருந்து இறங்கி, கீழே இருந்த உரக்கடையில் போய் உட்கார்ந்தார். யூரியா மூட்டைக்குப் பில் போட்டார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். லீவில் வந்தவர் தன் அப்பாவுக்கு ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு நாள் அப்படியே நினைத்தேன். பி.எஸ்சி. கணக்கு முடித்தவள் நான். அந்த எட்டு நாளை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒன்பதாம் நாள் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"வெளியூர்ல ஒரு பிளையிங் கிளப்புல சேந்தேன். முப்பத்தெட்டு மணி நேரம் ஓட்டினேன். அப்புறம் போகல."

"ஏன் போகல?"

"புடிக்கல."

அவ்வளவுதான் பதில். பிடிக்காமல் வந்தவர் மத்தியானம் கடை சாத்தியிருக்கும் இரண்டு மணி நேரமும் மாடி முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டு, திருச்சியில் வாங்கிய விளையாட்டுச் சி.டி.யில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் விமானத்தைத் திருப்ப ஒரு கறுப்புத் தடி, காதில் ஹெட்போன். பேச்சே கிடையாது. பையன் எப்போது வேலைக்குப் போகிறான் என்று கேட்கிறவர்களிடம் என் மாமனார் பெரியசாமி, "ஆர்டர் வரணும், வந்துடும்" என்பார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பண்ணி முடித்த பிறகும் தினம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பொய் அவர்களோடு இருந்திருந்தால் நான்கூடச் சகித்திருப்பேன். அது என் தலையில் கை வைத்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் பி.எட். படிப்புக்கு மனுப் போட்டிருந்தேன். துறையூர் ரோட்டில் ஒரு காலேஜில் இடம் கிடைத்துக் கடிதமும் வந்தது. 2006 ஜூலை பதினேழு, திங்கட்கிழமை, சேரக் கடைசி நாள். கடிதத்தை மாமாவிடம் நீட்டினேன்.

"பைலட் பொண்டாட்டி சாக்பீஸ் புடிக்கப் போனா ஊர்ல நாலு பேரு என்ன கேப்பான்?" என்றார்.

"உரக்கடையில உக்காந்திருக்கிற பைலட்ட அந்த நாலு பேரு கேக்கலீங்களா மாமா?"

"வாய் நீளுது" என்றார். "அதோட பதினேழாந்தேதி ஆடி ஒண்ணு. ஆடி பொறந்தன்னைக்கு எவனாச்சும் நல்ல காரியம் ஆரம்பிப்பானா?"

என் மார்க் ஷீட்டெல்லாம் திருமழபாடியில் அப்பாவின் பீரோவில் இருந்தன. அப்பாவுக்குப் போன் போட்டேன். "அவங்க சொல்றபடி கேட்டுக்க ஆயி" என்று வைத்துவிட்டார். ஒருத்தர் ஓட்டாத விமானத்துக்காக நான் டீச்சர் ஆகக்கூடாது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காலையில் பத்து மணிக்குள் சமையலை முடித்துவிட்டு, மாமாவும் அவரும் கடையில் இருக்கும்போது போடுவேன். அவர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தேன். மேகமோ மழையோ மறைத்துத் தரை தெரியாதபோது விமானத்தை எப்படி இறக்குவது என்று அதில் ஒரு பாடம். ஒரு வட்ட முள்காட்டியில் இரண்டு ஊசிகள். நிற்கிற ஊசி, நாம் ஓடுபாதைக்கு இடதா வலதா என்று சொல்லும். படுத்த ஊசி, மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று சொல்லும். இரண்டும் நடுவில் சிலுவை போல நின்றால் சரியான வழியில் இறங்குகிறோம். மூன்று டிகிரிச் சரிவு. மைலுக்குச் சுமார் முந்நூறு அடி. இருநூறு அடி உயரம் வரும்போது ஓடுபாதை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யோசிக்கவே கூடாது, மேலே தூக்கிவிட வேண்டும்.

கணக்காகப் பார்த்தால் எளிதுதான். கை கேட்கவில்லை. முதல் வாரம் திரையில் சென்னை ஏர்போர்ட்டைச் சுற்றி இருக்கிற நிலத்தில் எல்லாம் மோதினேன். ஊசி இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினால் அது உடனே வராது. வரவில்லையே என்று இன்னும் திருப்புவேன். அப்புறம் அது நடுவைத் தாண்டி மறுபக்கம் ஓடும். பதினேழாவது தடவை மோதிய பிறகுதான் உறைத்தது: ஊசியைத் துரத்தக்கூடாது. கொஞ்சமாகத் திருப்பிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பல்லைக் கடிப்பதில் எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அவர் ஒருநாளும் மேகத்தில் இறக்கியதில்லை. எப்போதும் பளிச்சென்ற வானம், பட்டப்பகல். ஒரு மத்தியானம் நேராகக் கேட்டேன்.

"மேகம் போட்டு ஒரு தடவ எறக்குங்களேன்."

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார். பயிற்சியில் வெளியே பார்க்க முடியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பு மாட்டி, ஊசிகளை மட்டும் பார்த்து ஓட்டச் சொன்னார்களாம். விமானம் நேராகத்தான் போகிறது என்று இவர் உடம்பு சொன்னது. ஊசிகள் கீழே பாய்கிறது என்றன. இவர் உடம்பை நம்பினார். பக்கத்தில் இருந்த வாத்தியார் தடியைப் பிடுங்கித் தூக்கியிராவிட்டால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். இவர் கத்திவிட்டார். மறுவாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

"இத உங்க அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வெளிய சொல்லாதன்னுட்டாரு."

பாவமாக இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பயந்தது குற்றமில்லை. பயந்ததை மறைக்க என்னைத் திரையாகப் பிடித்தார்களே, அதற்கு யார் பதில் சொல்வது?

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆடிக்கு மகளையும் மருமகனையும் அழைத்துப் போக அப்பா வந்தார். புது வேட்டி, பை நிறைய வாழைப்பழம். கோழிக்குழம்புச் சாப்பாடு முடிந்து மாடி முன்னறையில் உட்கார்ந்தார்கள். வெற்றிலையை மடித்துக்கொண்டே அப்பா கேட்டார்.

"மாப்ள, பிளேன் எப்புடி ஓட்டறதுன்னு ஒருவாட்டி காட்டுங்களேன்."

"காட்டுடா" என்றார் மாமா, பெருமையாக.

அவர் உட்கார்ந்தார். நான் பின்னால் போய் நின்று, எட்டி, வானிலையை மாற்றினேன். இருநூறு அடிவரை மேகம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

திரை முழுக்கச் சாம்பல் நிறம். ஆயிரம் அடிவரை சமாளித்தார். அப்புறம் ஊசி நகர்ந்தது. அவர் துரத்தினார். "வெரட்டாதீங்க, விடுங்க" என்றேன். காதில் விழவில்லை. ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. இருநூறு அடியில் ஓடுபாதை இல்லை. "தூக்குங்க!" என்றேன். அவர் தூக்கவில்லை. திரை குலுங்கியது. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வந்து நின்றது.

அப்பா கைதட்டினார்.

"அருமையா எறக்கிட்டீங்க மாப்ள!"

"பின்ன, சும்மாவா?" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது எறங்கல. விழுந்துருச்சு. உள்ள இருந்தவங்க அத்தன பேரும் செத்தாச்சு. இவரு பைலட்டும் இல்ல, ஆர்டரும் வராது. பாதியிலயே வுட்டுட்டு வந்துட்டாரு."

மாமா எழுந்து நின்றுவிட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தெரியும் ஆயி" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "எது தெரியும்?"

"பத்திரிக வச்சு முடிச்ச மறுநாளே தரகர் முருகையன் வந்து சொல்லிட்டாரு. நானூறு வூட்டுக்கு வச்சாச்சு. வச்ச பத்திரிகைய எப்புடி திருப்பி வாங்கறது? நம்ம மானம் என்னாவறது?"

மாமனார் பொய் சொன்னார், சரி, அவர் பெற்ற பிள்ளை. என்னைப் பெற்றவர் தெரிந்தே தாலி கட்டும்போது அட்சதை போட்டிருக்கிறார். தரகர் வந்து சொன்னபோது முகூர்த்தத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. நான் அதே வீட்டில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் 'கேட்டுக்க ஆயி' என்றபோதும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என் மார்க் ஷீட்டெல்லாம் எடுத்துக்கிட்டு காலேஜ் வாசலுக்கு வாங்க" என்றேன். "வரலன்னா, பத்திரிக வச்ச நானூறு வூட்டுக்கும் நானே போறேன். ஒவ்வொரு வூட்டுலயும் நின்னு சொல்லிட்டு வரேன்."

"சொல்லித்தான் பாரேன்!" என்று மாமா கத்தினார். "எம் புள்ளய மானங்கெடுத்துட்டு இந்த வூட்டுல கால் வப்பியா?" அப்பா அவரைச் சமாதானப்படுத்தப் போனார். சம்பந்திகள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். என் பேரே அதில் வரவில்லை.

நான் என் வீட்டுக்காரரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே மேகம், அதே இடம். பின்னால் கத்தல். ஊசி நகர்ந்தது, கொஞ்சம் திருப்பினேன், காத்திருந்தேன். வந்தது. முந்நூறு அடி. இருநூற்றைம்பது. மேகத்தின் அடியில் வெள்ளை விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. சக்கரம் தரையைத் தொட்டு ஓடி நின்றது. பெரியவர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. பார்த்தது அவர் மட்டும்தான்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மறுநாள் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு காலேஜ் வாசலில் நின்றிருந்தார். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆபீசில் ஒரு கிளார்க் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே கேட்டார்.

"வீட்டுக்காரரு என்னம்மா பண்றாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பைலட்டுங்க சார்."

நேற்று அத்தனை நடந்த பிறகும்! அவர் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன். அதற்குள் என் பக்கத்தில் நின்றவர் மேஜை மேல் கையை ஊன்றினார்.

"இல்லைங்க சார். உரக்கட."

கிளார்க் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார். "எத எழுதறது?" என்று என்னைக் கேட்டார்.

"உரக்கடைன்னு எழுதுங்க" என்றேன்.