களத்தில் போன ஒன்றரை மணி நேரம்

களத்தில் அன்று இருந்தவர்கள் நான்கே பேர். குடும்பத்துக்கு மூத்தவர் அப்பாதுரை, அவர் தம்பி காசி, காசியின் மனைவி ராஜம்மாள், டிராக்டர் ஓட்டிய முருகவேல். தானும் அங்கே இருந்ததாகப் பாதிக் கீழ்பென்னாத்தூர் பிறகு சொல்லிக்கொண்டது. இல்லை.

1996, மாசி மாதம். வேர்க்கடலை மூட்டை ஏற்றப் பின்னோக்கி வந்த டிரெய்லர், காசியைக் களத்துச் சுவரோடு சேர்த்து இடுப்பில் நெருக்கிவிட்டது. அப்பாதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி. எதற்குப் பார்த்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“வேனுக்குச் சொல்லட்டுமா மாமா? டவுனுக்குப் போயிடலாம்” என்றாள் ராஜம்மாள்.

“ஒரு சொட்டு ரத்தம் இல்லியேம்மா. எலும்புதான். நம்ம வூட்டு ஆம்பளங்க எவன் எலும்புக்கு ஆஸ்பத்திரியில படுத்தான்? டேய் முருகவேலு, சின்னசாமிய இட்டுட்டு வாடா.”

சின்னசாமி கட்டு வைத்தியர். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்து அந்த வீட்டுக் கை கால்களை நேராக்கியவர். அன்றைக்கு அவர் வெளியூரில் இருந்தார். தேடிப் பிடித்துக் கூட்டிவர ஒன்பதரை ஆகிவிட்டது.

அதற்குள் காசி இரண்டு முறை தண்ணீர் கேட்டான். பிறகு, “குளிருதுண்ணே” என்றான். களம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கீறல்கூட இல்லாத உடம்பு ஏன் வெளுக்கிறது? அப்பாதுரை புரியாமல் தம்பியின் முகத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

சின்னசாமி அடிவயிற்றைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். பையை அவிழ்க்கவே இல்லை.

“பெரியவரே, இது என் வேல இல்லீங்க. ரத்தம் உள்ளயே ஊத்துது. இத்தினி நேரம் எதுக்கு வெச்சிருந்தீங்க?”

அப்பாதுரையின் தோள் துண்டையே வாங்கி, காசியின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி வேனில் ஏற்றினார்.

திருவண்ணாமலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே டாக்டரம்மா ஓடி வந்தாள். ஊசி ஏற்றிக்கொண்டே, “அடிபட்டு எவ்ளோ நேரம் ஆச்சுங்க?” என்றாள்.

“ஒரு மணி நேரம் இருக்கும்” என்றார் அப்பாதுரை. அப்போது மணி பத்தே கால்.

“ஒரு மணி நேரத்துல இவ்ளோ ரத்தம் போவாதே. வேற எங்கயாவது உடைஞ்சிருக்கா?” அவள் குழம்பிப்போய் மார்பையும் விலாவையும் மறுபடி தடவித் தேடினாள். ராஜம்மாள் அப்பாதுரையை ஒரு முறை பார்த்தாள். தன் வாயில் வந்த அந்த ஒரு மணி நேரக் கணக்கு யார் மானத்தைக் காக்க வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். போளூர் தாண்டும்போது காசியின் மூச்சு நின்றது.

கருமாதிக்கு வந்த உறவுக்காரி எல்லம்மாள் பந்தியில் ஆரம்பித்தாள். “ஆஸ்பத்திரி வாசல்லயே ஒன்றரை மணி நேரம் போட்டு வெச்சுட்டாங்களாமே. ரத்தம் ஏத்த ஆளே இல்லியாம். சும்மா வுடலாமா? கேசு போடுங்க.”

ஆமாம் என்றது பந்தி. அப்பாதுரை சும்மா இருந்தால் போதும், வீட்டுப் பெயருக்கு ஒரு குறையும் வராது. வீட்டு நடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ராஜம்மாள் நிமிர்ந்து, மறுபடி ஒரு முறை அப்பாதுரையைப் பார்த்தாள். அவர் இலையை விட்டு எழுந்தார்.

“ஆஸ்பத்திரியில போனதும் பார்த்தாங்க. எட்டுலேருந்து ஒன்பதரை வரைக்கும் களத்துல போட்டு வெச்சவன் நான். டாக்டரம்மாகிட்ட நேரத்தக் கொறச்சிச் சொன்னவனும் நான்தான்.”