நூற்றிருபது ஜன்னல்கள்

ஜூலை எட்டாம் தேதி மாலை, அட்டை வகுப்பில் ஒரு ஜன்னல் வெட்ட எனக்கு இரண்டரை நிமிடம் ஆனது. மூன்று ஜன்னல் வெட்டி, மூன்று முறையும் கைபேசியில் நேரம் பார்த்த பிறகுதான் இதை நோட்டில் எழுதினேன். கெட்டி அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, ஸ்கேலைப் பிடித்து, கட்டரால் நான்கு பக்கமும் வெட்ட வேண்டும். ரயில் பெட்டி ஒன்றுக்குப் பத்து ஜன்னல், பன்னிரண்டு பெட்டி, ஆக நூற்றிருபது. முந்நூறு நிமிடம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கிடைத்தால் பதினைந்து நாளில் முடியும். கையில் இருபத்துமூன்று நாள் இருந்தது. கணக்கு இவ்வளவு சரியாக வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் வரும்.

முப்பத்தொன்றாம் தேதி அப்பா ஓய்வு பெறுகிறார். அப்பா சவுரிமுத்து, தாம்பரத்தில் மின்சார ரயில் பணிமனையில் டெக்னீஷியன். கதவு, ஜன்னல், இருக்கை எல்லாம் அவர் பிரிவு. வண்டிகள் ஓடி முடித்துப் படுக்க வரும்போது இவர் வேலைக்குப் போவார்; காலை ஏழரைக்கு வீட்டுக்கு வருவார். முப்பத்துநான்கு வருடம் இப்படித்தான். ஓய்வு பெறும் நாளில் பணிமனையிலேயே மாலை போட்டு விழா நடத்துவார்கள். குடும்பத்திலிருந்து ஒருவர் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அம்மா மாட்டேன் என்றாள். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்யும் வில்பிரட் அண்ணன், "நீதானே டிகிரி படிச்சவ, நீ பேசு" என்று நழுவிவிட்டான். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பேச்சுக்குப் பதில் ஒரு வாழ்த்து அட்டை என்று முடிவு செய்தேன். மூடியிருந்தால் உள்ளங்கை அகலம்; விரித்தால் விசிறி மடிப்பில் ஒரு முழு ரயில்.

வீட்டில் இதை மறைக்க இடமில்லை. ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறைதான். படப்பையில் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போவதற்காகக் கட்டிய மூட்டைகள் வேறு. இருக்கும் ஒரே மேஜையில்தான் எல்லாம் நடக்க வேண்டும். அதனால் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மற்ற இருவரிடமும், அது கிளாஸ் ரெக்கார்டு வேலை, மார்க் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

"எத்தினாந் தேதி தரணும்?" என்று அப்பா கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"அன்னிக்குத்தானே எனக்கும் கடைசி நாளு."

"காலையிலேயே குடுத்துட்டு வந்துடுவேன்பா."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "குடுத்துட்டாலும். கீபோர்டு கிளாஸ் மூணு மாசம். டைப்ரைட்டிங் லோயரோட சரி. ஒரு பெட்ஷீட்ல பாதி ரோஜா தச்சுட்டு மீதிய அம்மாவ தைக்கச் சொன்ன. இந்த ரயிலு பல்லாவரத்துலயே நின்னுடும் பாரு."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் நோட்டில் நாள், நிமிடம், செய்தது என்று மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் "முடிந்தது" என்று நான்காவதாக ஒரு பத்தி போட்டிருந்தேன். இதுவரை எந்த நோட்டிலும் அந்தப் பத்தியில் நான் எதையும் எழுதியதில்லை. இந்த ஒன்றையாவது முடிக்க வேண்டும் என்று அட்டையில் முதல் கோடு போடும்போதே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது தபஸ்ஸும் அக்கா. கிழக்குத் தாம்பரத்தில் தன் வீட்டு மாடியில் செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் அட்டை வகுப்பு நடத்துகிறார். என்னைவிட ஆறு வயதுதான் பெரியவர். இரண்டு குழந்தைகள், பகலில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை. முதல் நாள் அவர் வீட்டில் நான் கண்டது இன்னும் மனதில் இருக்கிறது. ஃபிரிட்ஜின் மேல் பசை காயும் அட்டைகள். அரிசி டிரம்முக்கு அடியில் மடிப்பு படிய வைத்த அட்டைகள். பிள்ளைகளின் ஸ்கூல் பை மேல் ரிப்பன்.

"கார்டு செய்யறதுக்குன்னு தனியா டைம் கெடைக்காது ஜென்சி," என்றார். "ஒண்ணு காயற நேரத்துல இன்னொண்ணு. குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள ஒரு கார்டுக்கு பார்டர் ஒட்டிடுவேன். எந்த வேலைக்கு எத்தன நிமிஷம்னு எழுதி வை. அப்பதான் எந்த சந்துல எது நுழையும்னு தெரியும்."

நானும் நுழைத்துப் பார்த்தேன். குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் இருக்கிறேன். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக ஆறே முக்காலுக்கே திறக்க வேண்டும். நாலு மணிக்கு வீடு. காபிக்கும் வகுப்புக்கும் நடுவில் இருபது நிமிடம் கிடைத்தது. முதல் மூன்று நாள் அட்டவணைப்படியே போனது.

அதன் பிறகு எல்லாம் சரிந்தது. கூட வேலை செய்யும் உதயா விடுப்பில் போனதால் அவளுடைய மாலை நேரமும் என் தலையில் விழுந்தது. ஞாயிறு முழுதும் படப்பைக்கு மூட்டை ஏற்றினோம். நாளுக்கு ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், ஒரு நாள் பூஜ்யம் என்று நோட்டில் விழுந்தது. பதினான்காம் தேதி எண்ணியபோது நோட்டில் முப்பத்தொரு ஜன்னல், அட்டையில் முப்பத்துநான்கு.

நான் தப்பாக எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். லேபில் ரத்தக் குழாய்களை இரண்டு முறை எண்ணி, நடுவில் யாராவது பேசினால் மூன்றாவது முறையும் எண்ணுகிறவள் நான். என் எண்ணிக்கையை நானே நம்பியதில்லை. பதினெட்டாம் தேதி நோட்டில் முப்பத்தாறு, அட்டையில் நாற்பத்துமூன்று. அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்குக் கண்ணே தெரியல, நான் எங்க வெட்டறது," என்று கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண் தெரியாதவள் கீரையில் ஒரு பூச்சியை எடுத்துப் போட்டாள்.

இருபத்திரண்டாம் தேதி அட்டையைப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே சுருட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன். தபஸ்ஸும் அக்கா அதை மேஜையில் விரித்தார். ஐந்தாவது பெட்டியின் நடுவில் அவர் விரல் நின்றது.

"இது யாரு வெட்னது?"

அப்போதுதான் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து ஜன்னல்கள் வேறு மாதிரி இருந்தன. வெறும் ஓட்டையாக இல்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் குறுக்கே மூன்று கம்பிகள். ஒட்டியவை அல்ல, அதே அட்டையில், வெட்டாமல் விட்ட இழைகள். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். மூன்றும் ஒரே இடைவெளி. பதினொரு ஜன்னல் அப்படி. ரயிலின் ஜன்னலில் கம்பி இருக்கும் என்பது, தினம் இரண்டு முறை ரயிலில் போகும் எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா அட்டையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினார். மேஜையில் பதினொரு சின்ன நிழல்கள் விழுந்தன. வகுப்பில் இருந்த மற்ற நாலு பேரும் எழுந்து வந்தார்கள். யாரும் தொடவில்லை.

"ஒரே இழுப்புல வெட்டிக்கீறாங்க," என்றார் அக்கா. "எடுத்து எடுத்து வெட்னா முனையில பிசிறு நிக்கும். ஒம்பது வருஷமா இத செய்யறேன். என்னால முடியாதுப்பா."

யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்று கவலைப்படக்கூடியவர் ஒருவர்தான்.

இருந்தாலும் பார்க்காமல் நம்ப முடியவில்லை. இருபத்துநான்காம் தேதி ஒரு கம்பெனியில் நடக்கவிருந்த பரிசோதனை முகாம் மழையால் தள்ளிப்போனது. பத்து மணிக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அப்பா மேஜை முன் உட்கார்ந்திருந்தார். லுங்கி, பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி. இரவு வேலையின் கிரீஸ் நகக் கண்ணில் அப்படியே இருந்தது. ஆனால் கைக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தார். கட்டரை வைப்பதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்த மூச்சு உள்ளேயே இருக்க, கை மட்டும் நகர்ந்தது. ஒரு கோடு. பிறகு மூச்சை விட்டார். அடுத்த மூச்சு, அடுத்த கோடு. மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. அட்டையை எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டினார். சவரம் செய்யாத அவர் கன்னத்தில் கம்பி நிழல்கள் வரிசையாக விழுந்து நகர்ந்தன. தினமும் பார்க்கும் முகம். அதை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "தூங்கப் போறதில்லையா? அவ ரெக்கார்ட அவ எழுதிப்பா."

"அவளுக்குக் கை நல்லாத்தான் கீது. நேரம்தான் இல்ல. பாவம், வந்து குந்தறதுக்குள்ள கெளம்பிடுது. தேதி வேற கிட்ட வந்துட்ச்சு."

"கம்பியெல்லாம் எதுக்கு? கேட்டாங்களா?"

"கம்பி இல்லாம எப்டி வண்டிய வெளிய வுடறது? பசங்க கைய நீட்டும்."

"அட்டை ரயிலுக்கா?"

"வண்டின்னா வண்டிதான்."

அம்மா சிரிப்பை அடக்கப் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் உருட்டினாள். நான் சத்தமில்லாமல் படியிறங்கி, பேருந்து நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

தடுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். தடுக்காவிட்டால், தன் விழாவுக்கான அட்டையைத் தானே தூக்கத்தை விட்டு வெட்டுகிறார். எப்படிப் பார்த்தாலும் அது நான் முடித்ததாக ஆகாது. அம்மாவைத் தனியாகப் பிடித்து, "நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? முப்பத்திநாலு வருஷமா அந்த மனுஷன் என்ன வேலை செய்யறாருன்னே நான் பாத்ததில்ல. இப்பதான் பாக்கறேன். நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். ஜன்னல்களை அவருக்கு விட்டுவிட்டு நான் மடிப்புகளையும், கதவுகளையும், ஜன்னலுக்குப் பின்னால் ஒட்ட வேண்டிய சின்ன முகங்களையும் செய்தேன். சாயங்காலம் அட்டையை மேஜையில் விட்டுப் போவேன். மறுநாள் ஒன்பதோ பத்தோ ஜன்னல் கூடியிருக்கும். நானும் ஒரு முறை கம்பி விட்டு வெட்டிப் பார்த்தேன், வேறொரு அட்டையில். மூன்று கம்பியும் அறுந்தன. நானும் அப்பாவும் தினம் ஒன்றாக உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். ஒருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

முப்பதாம் தேதி மாலை எண்ணினேன். நூற்றுப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டாவது பெட்டியில் கடைசி ஜன்னல் வெட்டப்படவில்லை. அங்கே பென்சிலால் நாலு பக்கமும், குறுக்கே மூன்று கம்பிக்கான ஆறு கோடுகளும் மட்டும் போட்டிருந்தது. கட்டரில் புது பிளேடு மாட்டியிருந்தது.

மூச்சை இழுத்துக்கொண்டு வெட்டினேன். பத்தொன்பது நிமிடம். நடுக்கம்பி கொஞ்சம் கோணல். ஆனால் அறுந்துபோகவில்லை.

விழா பணிமனையின் ஒரு ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் நடந்தது. மாலை நாலரை வெயில் பெரிய கதவு வழியாக உள்ளே சாய்ந்திருந்தது. சூப்பர்வைசர் ஸ்ரீநிவாசன் சார் அப்பாவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். பிறகு என் பெயரைச் சொன்னார். மேடையில் என் நாக்கு எதிர்பார்த்தபடியே ஒட்டிக்கொண்டது. அட்டையை அப்பாவிடம் நீட்டினேன், அவ்வளவுதான்.

மாலைக்கு நடுவில் அப்பா அதை வாங்கினார். மேல் அட்டையில் அவர் பெயர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முனையைப் பிடித்ததும் மற்றது தானாகச் சரிந்து, மடிப்பு மடிப்பாக இறங்கி, முழங்கால் தாண்டிப் போனது. அண்ணன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்து நீட்டினான். பன்னிரண்டு பெட்டிகள். வெயில் அதன் வழியாக வந்து, எண்ணெய் படிந்த தரையில் ஒரு நீளமான நிழல் ரயிலை வைத்தது. கம்பி தெரிந்தது. கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. வருடக்கணக்காக ரயிலைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஆட்கள் அந்த நிழலைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"கம்பி கூட கீதுபா," என்றார் ஒருவர் மெதுவாக.

அப்பா என்னைப் பார்த்தார். "கிளாஸ் வேலைன்னு சொன்னியே."

"ஆமாம்பா."

"அப்ப இன்னும் சப்மிட் பண்ணலியா?"

"இப்பதான் பண்ணினேன்."

அவர் குனிந்து ஜன்னல்களைத் தடவிக்கொண்டே போனார். தான் வெட்டியவற்றைத் தாண்டும்போது விரல் நிற்கவில்லை. கடைசிப் பெட்டியின் கடைசி ஜன்னலில், அந்தக் கோணல் கம்பியில் நின்றது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

இளம் டெக்னீஷியன் அன்பு மறுமுனையில் குந்தி எண்ணிக்கொண்டிருந்தார். "அண்ணா, முன்னாடி நாலு பெட்டியில கம்பியே இல்லியே. ஜன்னல் மாட்றவரு வூட்டு வண்டியிலயே இப்டியா?"

அவை பெரும்பாலும் நான் வெட்டியவை. காது சூடானது.

"அது ஏசி பெட்டிபா," என்றார் அப்பா. "அதுக்கு எதுக்குக் கம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏசி பெட்டியையும் சாதாப் பெட்டியையும் ஒரே வண்டியில் மாட்டிய முதல் டெக்னீஷியன் என்று ஸ்ரீநிவாசன் சார் மைக்கில் சொன்னார். அண்ணன் என் காதருகே குனிந்து, "பல்லாவரம் தாண்டிட்ச்சு போல," என்றான்.

மறுநாள் காலை ஆறு இருபது ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. நாலு வருடமாக அந்தக் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். அன்று கையை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து நடுவில் வண்ணம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ஓரத்தில் ஒரு திருகாணி மட்டும் புதியது. அது யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. பெட்டியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தேன். எல்லா ஜன்னலிலும் கம்பி இருந்தது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர், நாங்கள் தூங்கும்போது, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டிருக்கிறார்.

அடுத்த நிலையம் வருவதற்குள் நோட்டை எடுத்தேன். என்னுடையது நாற்பத்தொன்று, அப்பாவுடையது எழுபத்தொன்பது. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. நான்காவது பத்தியில் "முடிந்தது" என்று எழுதினேன். நிமிடப் பத்தியில் அப்பாவுக்கான இடத்தில் எதுவும் எழுதத் தெரியவில்லை. குரோம்பேட்டை வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.