நூறு கிலோவுக்குள்

பேக்கரிக்காரரின் அண்ணன் இறந்தபோது, தோள் கொடுத்தவர்கள் வழியில் மூன்று இடங்களில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். முதலில் தெருமுனையில், ஒரு லாரிக்கு வழிவிட. அடுத்து பள்ளிக்கூடச் சுவர் ஓரம், தோள் மாற்றிக்கொள்ள. மூன்றாவது தடவை இறக்கியதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. சும்மா இறக்கினார்கள், மூச்சு வாங்கினார்கள்.

"இருந்தப்பவும் இவரு யார் சொல்லியும் நகர மாட்டாரு" என்றான் தூக்கியவர்களில் ஒருவன். அவன் அண்ணனுக்கு மைத்துனன். சொல்லும் உரிமை இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பினான். பின்னால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நடந்துவந்த பேக்கரிக்காரர் கண்ணில் பட்டார். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. பார்வை அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் அளந்துவிட்டு வேறு பக்கம் போனது.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு ஆள் கணக்குப் பார்ப்பதுபோல ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஆனால் பேக்கரிக்காரருக்கு அது புரிந்துவிட்டது. அண்ணனைவிட அவர் இன்னும் ஒரு சுற்றுப் பெரியவர்.

மருத்துவக் கல்லூரி கேன்டீனுக்குத் தினமும் ரொட்டி கொண்டுபோவது அவர் கடைதான். வண்டியை நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலே ஒரு பலகை பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 'உங்கள் உடல் நாளைய மருத்துவருக்குப் பாடம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் அவர் படித்ததில்லை. அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் ரொட்டி இறக்கும்போதுதான் கடைசி வரியைக் கவனித்தார். 'வாகனம் அனுப்பப்படும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

மருத்துவத்துக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்றெல்லாம் அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்குப் பிடித்தது அந்த வாகனம்தான்.

மதியம் கல்லாவில் இருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கடையில் அடுப்பு அவர் பொறுப்பு, கல்லா அந்த அம்மாள் பொறுப்பு. பார்வைக்கு அளவுகோல் மாதிரி இருப்பார். இருவரும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் போட்டோவில் அவர் பாதிதான் தெரிவார். மீதியைப் பேக்கரிக்காரரின் தோள் மறைத்திருக்கும்.

"குடுங்களேன்" என்றார் மனைவி, சில்லறையை அடுக்கிக்கொண்டே. மீன் தொட்டி வாங்கியபோதும் கிதார் வகுப்புக்குச் சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னார். தொட்டியில் இப்போது காலி முட்டை அட்டைகள் கிடந்தன.

உடற்கூறியல் துறை அலுவலகத்தில் ஒரு பெண் அலுவலர் இருந்தார். அறை குளிராக இருந்ததால் ஸ்வெட்டர் போட்டிருந்தார். பேக்கரிக்காரர் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு சத்தம் கொடுத்தது.

"எடை எவ்வளவு சார்?"

"பார்த்ததில்லைம்மா."

அலுவலர் அவரைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "நூறு கிலோவுக்கு மேல இருந்தா நாங்க எடுக்கறதில்ல சார்."

பேக்கரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "சும்மாதானேம்மா குடுக்கிறேன்?"

"சும்மா குடுத்தாலும் மேசை தாங்கணும்ல. தூக்கிப் போடுற தள்ளுவண்டியும் தாங்கணும். அதுவுமில்லாம, கொழுப்பு ஜாஸ்தியா இருந்தா கெட்டுப்போகாம இருக்கறதுக்கு ஏத்துற மருந்து உள்ளே சரியா இறங்காது. படிக்கிற பசங்களும் பாவம், தேடிக்கிட்டே இருப்பாங்க."

"எதைத் தேடுவாங்க?"

"எல்லாத்தையும்."

சொல்லிவிட்டு, "உங்க கடை பிஸ்கட் ரொம்ப நல்லா இருக்கும் சார்" என்றார் அலுவலர், ஆறுதலாக.

கடைக்கு வந்ததும் நேராக மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். பல வருஷமாக அவரிடம் வேலை பார்க்கும் மாஸ்டர் குனிந்து முள்ளைப் பார்த்தார். அவருக்கு எதையும் ஐம்பது கிலோ மூட்டையில் சொல்லித்தான் பழக்கம்.

"ரெண்டரை மூட்டை, முதலாளி. கொஞ்சம் கூடவே."

குடும்ப டாக்டர் மாரடைப்பைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார். எலும்பு டாக்டர் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். மகள் போனில் அழுதிருக்கிறாள். மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனவர். இத்தனை பேர் சொன்னதையும் பேக்கரிக்காரர் ஏதாவது ஒன்றை மென்றுகொண்டேதான் கேட்டிருந்தார். ஆனால் இலவசமாகக் கொடுப்பதை, அதுவும் செத்த பிறகு கொடுப்பதை, ஒரு இடத்தில் வேண்டாம் என்று சொன்னது அவருக்குத் தாங்கவில்லை. மானப் பிரச்சினையாகிவிட்டது.

மறுநாளிலிருந்து வெண்ணெயைத் தொடவில்லை. அடுப்பிலிருந்து வருவதில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுப் பதம் பார்ப்பது அவர் தொழில். அந்தப் பொறுப்பை மாஸ்டரிடம் ஒப்படைத்தார். முதல் ஈடு ரொட்டி இறங்கியதும் நடக்கப் போனார். ஆரம்பத்தில் தெருமுனை வரைதான். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, வந்த வேலை அதுதான் என்பதுபோல் போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். பிறகு ஆற்றுப்பாலம் வரை போனார். பிறகு பாலத்தைத் தாண்டினார்.

கல்லூரியில் சொன்னதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தான் சொன்னது கடைசியில் காதில் ஏறிவிட்டது என்று நினைத்தார். காய்கறியை உப்பில்லாமல் வேகவைத்து மூடி போட்ட டப்பாவில் அடுப்படிக்கு அனுப்பினார். நடப்பதற்கு நல்ல ஷூ வாங்கிவந்தார். மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா திருந்திட்டாருடி" என்று சொன்னார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "அவரு இப்ப இனிப்பே தொடறதில்ல" என்றார், இனிப்பைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே.

மாஸ்டர் கணக்கில் அரை மூட்டை குறைந்திருந்த சமயம். பேக்கரிக்காரர் உற்சாகத்தில், கல்லூரியிலிருந்து வாங்கிவந்திருந்த உடல் தான விண்ணப்பத்தை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

"இதுல நீ ஒரு கையெழுத்துப் போடணும். நெருங்கின சொந்தம் சம்மதிக்கணுமாம். இன்னும் கொஞ்சம் குறைச்சாப் போதும், என்னை எடுத்துக்குவாங்க."

"யாரு எடுத்துக்குவாங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி சத்தம் போட்டதைக்கூட விடவில்லை. மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று, கேட்டதைக் கொடுக்க ஆளில்லாமல் திரும்பிப் போனார்.

"அப்ப நீங்க எனக்காகக் குறைக்கல."

"குறைச்சாச்சு இல்ல? யாருக்காக இருந்தா என்ன?"

"உயிரோட என்கூட நாலு வருஷம் கூட இருங்கன்னு கெஞ்சினேன், அப்ப குறைக்கல. செத்து அவங்ககிட்ட போறதுக்குக் குறைக்கிறீங்க." விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளினார். "நான் போட மாட்டேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டில் வெண்ணெய் தடவிய பன் இரண்டு இருந்தன. இத்தனை வருஷமும் வெண்ணெயை ஒளித்து வைத்தவர், இப்போது தாராளமாகத் தடவியிருந்தார். "சாப்பிடுங்க" என்றார். பேக்கரிக்காரர் தட்டைப் பார்த்தார். எச்சில் ஊறியது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனார். அடுத்த நாளும் வெண்ணெய் வந்தது. அதற்கடுத்த நாள் மேலே சர்க்கரையும் தூவி வந்தது. காயைப் பேக்கரிக்காரர் தானே வேகவைத்துக்கொண்டார், குழைய. இருவரும் வியாபாரத்துக்குத் தேவையானதை மட்டும் பேசினார்கள். மற்றதெல்லாம் மாஸ்டர் வழியாகப் போய்வந்தது. மாஸ்டருக்கு இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலி வந்தது.

ஒரு நாள் மனைவி கல்லாவை மாஸ்டரிடம் விட்டுவிட்டு, நல்ல உடையாக உடுத்திக்கொண்டு எங்கோ கிளம்பிப்போனார். சாயங்காலம் வந்தவர் நேராக அடுப்படிக்கே வந்தார். கையில் ஒரு புது விண்ணப்பம்.

"சண்டை போடத்தான் போனேன்" என்றார். "என் வீட்டுக்காரருக்கு எடை வைக்க நீங்க யாருன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தண்ணி குடுத்துச்சு. அப்புறம் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'உங்க உடம்புவாகு ரொம்பச் சரியா இருக்கும்மா'ன்னுச்சு. என்னைப் பெத்தவகூட அப்படிச் சொன்னதில்ல."

பேக்கரிக்காரர் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"நானும் குடுக்கறதா சொல்லிட்டேன். நெருங்கின சொந்தம் சம்மதிக்கணுமாம். போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். விண்ணப்பத்தைத் தட்டு அடுக்கும் பலகையில் வைத்தார். மனைவியின் கை பலகை ஓரத்தில் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே சுட்ட தழும்பு ஒன்று. கடை திறந்த புதிதில் ஆள் வைக்க முடியாத காலத்தில் தட்டு பட்டது. தன்னை அந்த மேசையில் கிடத்துவதைப் பேக்கரிக்காரர் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் நினைப்பு வாகனத்தோடு நின்றுவிடும். இப்போது அந்தக் கை மேசையில் கிடப்பதும், முகம் தெரியாத யாரோ குனிந்து அதில் எதையோ தேடுவதும் கண்ணுக்குள் வந்து நின்றது.

"கையெல்லாம் மாவா இருக்கு" என்றார்.

மறுநாள் பேனா எழுதவில்லை என்றார். அடுத்த நாள் கண்ணாடியைக் காணோம் என்றார். அது மூக்கில் இருந்தது. மனைவி விடவில்லை. தினமும் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். தினமும் பேக்கரிக்காரருக்கு ஏதோ ஒரு வேலை வந்தது.

கடைசியில் ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், அவராகவே உண்மையை ஒத்துக்கொண்டார். "என்னால முடியலம்மா."

"ஏன்?"

"உன்னை எப்படி நான்..."

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

மனைவி பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "முதல்ல இந்த ஆசை உங்களுக்கு எப்படி வந்துச்சு? அதைச் சொல்லவே இல்லையே."

அண்ணனைத் தூக்கிப்போன அன்று நடந்ததை அப்போதுதான் சொன்னார். மைத்துனன் பார்த்த பார்வையைச் சொன்னார். "எனக்கு யாரு வந்து தூக்குவா? தூக்குறவன் திட்டிக்கிட்டே தூக்குவான்."

"இதுக்கா?" என்றார் மனைவி. "நாலு பேர் போதலைன்னா எட்டுப் பேரைக் கூப்பிட்டாப் போச்சு."

"எட்டுப் பேர் கிடைக்கணுமே."

மனைவி விரலை மடக்கி யோசித்துப் பார்த்தார். மாஸ்டர், மருமகன், மைத்துனன், பால்காரர். அதற்கு மேல் விரல் மடங்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேக்கரிக்காரருக்கும் வந்தது. இருவரும் மனம்விட்டுப் பேசி வெகுநாளாகியிருந்ததால் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே நீண்டது.

அடங்கியபின் மனைவி சொன்னார்: "நான் கோபத்துல ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு என்னைக் கூட்டிட்டுப்போய்க் கதவு வழியாக் காட்டுச்சு. வகுப்பு ஆரம்பிக்கிற நேரம். வெள்ளைக் கோட்டு போட்ட பசங்க ஒரு மேசையைச் சுத்தி நிக்கிறாங்க. மேல துணி மூடியிருக்கு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒரு சத்தம் இல்ல. அப்படியே கொஞ்ச நேரம் நின்னாங்க. உங்க அண்ணனுக்கு யாரும் அப்படி நிக்கல. எல்லாரும் தோளைத்தான் தேய்ச்சுக்கிட்டு நின்னாங்க."

பேக்கரிக்காரர் திரும்பிக்கொண்டார். அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே எதுவும் வேகவில்லை. மூடினார்.

அன்றிலிருந்து வெண்ணெய் வருவது நின்றது. மனைவியும் கூட நடக்க வந்தார். அவருக்குக் குறைக்க எதுவும் இல்லை. பாலம் தாண்டியதும் மூச்சு வாங்கினார். பேக்கரிக்காரர் நின்று நின்று கூட்டிப்போனார்.

மழைக்காலம் முடியும்போது மாஸ்டர் ஒரு நாள் குனிந்து பார்த்து, "ரெண்டு மூட்டை முழுசா இல்ல முதலாளி" என்றார். இருவரும் நல்ல உடை உடுத்திக்கொண்டு கல்லூரிக்குப் போனார்கள். பெண் அலுவலர் அங்கிருந்த எடைமேடையில் அவரை ஏறச் சொன்னார். பேக்கரிக்காரர் ஷூவைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். தொண்ணூற்றொன்பது காட்டியது.

"சரியா இருக்கு சார்" என்றார் அலுவலர். "ஆனா ஒண்ணு. இது இன்னைக்கு எடை. அன்னைக்கு என்ன எடையோ அதுதான் கணக்கு."

"அன்னைக்குன்னா?"

அலுவலர் மரியாதைக்காகக் குனிந்து முத்திரையைத் தேடினார். பேக்கரிக்காரருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்ப அதுவரைக்கும் நான் இப்படியே இருக்கணுமா?"

"ஆமா சார். அன்னைக்குக் கூடியிருந்தா எடுக்க மாட்டோம்."

அவர் அதை ஜீரணிப்பதற்குள் பக்கத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது. மனைவி அவருடைய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேதியும் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பெரிய திருப்தி. இத்தனை வருஷம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்த எதுவும் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை.

பிறகு மனைவியின் விண்ணப்பம் பேக்கரிக்காரர் முன்னால் வந்தது. பேனாவைப் பிடித்தார். வைத்தார். மறுபடி பிடித்தார்.

"இவங்களுக்கு..." என்று அலுவலரிடம் ஆரம்பித்தார். "இவங்க விஷயத்துல ஒண்ணும் அவசரமில்லையே?"

"எங்களுக்கு எந்த அவசரமும் இல்ல சார்."

"நல்லா லேட்டானாலும் பரவாயில்லையே?"

"எவ்வளவு லேட்டானாலும் எடுத்துக்குவோம்."

அதைக் கேட்டபிறகு போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அலுவலர் இரண்டு விண்ணப்பங்களிலும் முத்திரை குத்தி, இரண்டு அட்டைகளைக் கொடுத்தார். மனைவி தன் அட்டையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நின்று நிதானமாகப் படித்தார். வெளியே வெயில் ஏறியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம் என்றார் பேக்கரிக்காரர். மனைவி அவர் கையைப் பிடித்து நிழல் இருந்த பக்கமாக இழுத்தார்.

"நடங்க" என்றார்.