பஹ்மி இறங்கிய தாங்கி

"கையை எடுங்க! மூடியில இருந்து கையை எடுங்க!"

ஓடிவந்த வேகத்திலேயே நிப்லா வேலையாள் டினேஷின் கையிலிருந்த ஸ்பானரைப் பாய்ந்து பிடித்தாள். நீல ட்ரம்மின் மூடி அரைச்சுற்றுத் திரும்பிவிட்டிருந்தது. பழுத்த அன்னாசியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது போல ஒரு வாடை மூக்கைக் குத்தியது. மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, மூடியை எதிர்ப்பக்கமாகத் திருகி இறுக்கினாள்.

"எல்லாரும் வெளியால! காத்து வாற பக்கமாப் போய் நில்லுங்க!"

சீனக்குடாக் கரையோரத்து அந்தத் தகரக் கொட்டகையிலிருந்து வேலையாட்கள் விழுந்தடித்து வெளியே வந்தார்கள். இறங்குதுறையில் எண்ணெய் பார்ஜ் ஒன்று, எண்ணெய் நிரப்பும் தாங்கியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் டினேஷ் அந்தத் தாங்கிக்குள் இறங்கியிருப்பான்.

"லேபல் ஒட்டாத ட்ரம்மைத் திறக்கச் சொன்னது ஆர்?"

"நான்தான் மகள்." அத்தர் வாசம் முன்னே வர, முனீப் ஹாஜியார் பின்னே வந்தார். துறைமுகத்தில் தாங்கி கழுவும் கொந்தராத்து முழுக்க அவருடையதுதான். "பார்ஜ் பின்னேரம் புறப்படணும். உங்கட கந்தோர் கடிதம் போடும் வரைக்கும் கடல் வத்தாம இரிக்குமா?"

"இது ஆளைக் கொல்லுற சாமானா இல்லையா எண்டு தெரியாமலா பொடியனை இறக்கப் பார்த்தீங்க?"

"ஊத்தை கழுவுற தண்ணிக்கு இம்புட்டுக் கூத்தா? எலிக்குக் குடிக்கக் குடுத்தாங்க, சாகல்ல. தோல்ல பூசினாங்க, சாகல்ல. பேசாம அந்த ஆச்சரியக்குறி லேபலை ஒட்டி விடுங்க புள்ள. எலியே பயப்படல்ல, நீங்க ஏன் பயப்படுறீங்க?"

"எலி அதை மூச்சில இழுத்தா?"

ஹாஜியார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

இரசாயனப் பொருட்களின் நச்சைச் சோதித்து வகைப்படுத்தும் குழுவில் நிப்லா வேலை பார்த்தாள். வாய், தோல், மூச்சு என்று மூன்று வழியாலும் ஒரு திரவம் ஆளைத் தாக்கலாம். அந்த மூன்றில் எது மோசமோ அதை வைத்துத்தான் லேபல். ஆச்சரியக்குறி என்றால் தீங்கு தரும் என்று பொருள். கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். மண்டையோடு என்றால் ஆளைக் கொல்லும். காற்றுச் சிலிண்டர் இல்லாமல் ஒருவரும் தாங்கிக்குள் தலையைக்கூட நீட்டக் கூடாது. சிலிண்டரென்றால் செலவு. ஹாஜியாருக்கு ஆச்சரியக்குறியின் மேல் அவ்வளவு காதல் வந்தது அதனால்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே திரவத்தோடு தாங்கிக்குள் இறங்கியவன் அவளுடைய அண்ணன், பஹ்மி நானா. ஏணியில் பாதி ஏறி வரும்போது தள்ளாடினான், நாக்குக் குழறியது, அப்படியே பின்பக்கமாக விழுந்து மௌத்தானான். ஜனாஸா வீட்டில் வைத்தே ஹாஜியார் காதோடு காதாக ஒரு கதையை அவிழ்த்து விட்டார்: "பொடியன் குடிச்சிட்டு இறங்கிட்டான்."

கிண்ணியாவில் தலைநிமிர்ந்து வாழ்ந்த ஒரு குடும்பத்தைக் குப்புறத் தள்ள அது போதும். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முகம் பார்க்காமல் எழும்பிப் போனார்கள். பஹ்மியின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 'குடிகாரன்ட மகள்' என்று பெயரானது. பள்ளிவாசல் பக்கம் போகும் பாதையை உம்மா மறந்தே போனாள். அடுப்படிக் குசினி வாசலில் நின்றுகொண்டு நிப்லா அன்றைக்குத் தனக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: எந்த வாய் இதைச் சொன்னதோ, அந்த வாயாலேயே இதைத் திருப்பி விழுங்க வைப்பேன்.

வாகனம் ஒன்று வந்து நின்றது. குழுவின் தலைவர் அருளம்பலம் இறங்கினார். அந்தத் திரவத்தைப் பற்றிக் கந்தோரில் நடக்கவிருந்த விசாரணையை வேலைத்தலத்திலேயே, வேலையாட்களுக்கு முன்னால் வைக்கவேண்டும் என்று கேட்டது நிப்லாதான். கொட்டகைக்கு வெளியே வேப்பமர நிழலில் கதிரைகள் போட்டார்கள்.

"ஐயா, இது நியாயமில்ல," என்று ஹாஜியார் உட்காருவதற்கு முன்பே தொடங்கினார். "இவ மௌத்தான பஹ்மிட தங்கச்சி. என்னில கறள் வச்சிருக்கிற ஆள்."

"அதைப் பிள்ளை எங்களுக்கு முதல் நாளே சொல்லிப்போட்டா," என்றார் அருளம்பலம். "தீர்மானம் அவவின்ர கையில இல்லை. கேள்வி கேக்கலாம், அவ்வளவுதான். இந்தத் திரவத்தைப் பாவிச்ச ஆள் இஞ்ச நீங்கள்தான். உங்கட அனுபவத்தைக் கேட்டுப் பதியத்தான் வந்தனாங்கள். இருங்கோ."

நிப்லா எழும்பினாள். குரலில் பதற்றம் துளியும் இல்லை.

"இதால இதுக்கு முந்தி ஆருக்கும் ஏதும் நடந்ததா ஹாஜியார்? எலிக்கு நடந்ததைவிட மனிசனுக்கு நடந்ததுக்குப் பெறுமதி கூட."

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல."

"பஹ்மி நானா?"

"அது குடியால. ஊருக்கே தெரியும். சரி, மௌத்தானவனைப் பத்திக் கதைக்கப்படாது."

"ரெண்டு வருசமாக் கதைச்சு முடிஞ்ச பிறகு இப்பதான் அந்த நினைப்பு வந்திரிக்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பம்ப் இயக்கும் அபூதாஹிர் காக்கா. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தாங்கிக்குள்ள இறங்குற ஆளைச் சோதிச்சு அனுப்புறது ஆர்?" என்று நிப்லா தொடர்ந்தாள்.

"நான்தான்." ஹாஜியாரின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "என்ட கண்ணில படாம ஒருத்தனும் இறங்க ஏலாது."

"அண்டைக்கும் சோதிச்சீங்களா?"

அருளம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. சோதிக்காம இறக்கியிருந்தா இந்தத் துறைமுகத்துக்குள்ள இனி உங்களுக்கு வேலை இல்லை. பொலிசுக்கும் நான் அறிவிக்க வேணும்."

"சோதிச்சன்! சோதிக்காமலா?"

"பொக்கட்டைப் பார்த்தீங்களா?" என்று நிப்லா கேட்டாள்.

"கவிழ்த்துப் பார்த்தன். நெருப்புப் பெட்டி, போன், ஒரு துரும்புகூட உள்ளுக்குப் போக விடமாட்டன்."

"அப்ப போத்தல் போகல்ல."

"போத்தல் எப்பிடிப் போகும்..." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது.

"உள்ளுக்கு வச்சுக் குடிக்கல்ல. அப்ப மேல வச்சுத்தான் குடிச்சிரிக்கணும். முகத்துக்கு முகம் நிண்டு சோதிச்ச உங்களுக்கு மணக்கல்லையா? இல்லாட்டி, மணந்தும் இறக்கினீங்களா?"

ஹாஜியாரின் சேர்ட் கொலர் நனைந்துகொண்டு வந்தது. ஹாஜியார் வேலையாட்களைப் பார்த்தார், அருளம்பலத்தைப் பார்த்தார். குடித்திருந்தான் என்றால் குடித்தவனைத் தாங்கிக்குள் தள்ளிய ஆள் அவர். குடிக்கவில்லை என்றால் பொய்யர். அவர் தவிக்கத் தவிக்க நிப்லா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடமாகத் தொண்டைக்குள் இறங்காத சோறு இப்போது இறங்குவது போலிருந்தது.

"வெறியில நிண்டவனை இறக்கினா அது கொலைக்குச் சமன்," என்றார் அருளம்பலம்.

"நான் அப்பிடி இறக்கல்ல!" ஹாஜியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "அவன் குடிக்கல்ல! பக்கத்தில நிண்டு பார்த்தனான், ஒரு மணமும் இல்ல. தேத்தண்ணி நீட்டினன், வாங்கல்ல. 'ஆறு நோன்பு பிடிச்சிரிக்கன் ஹாஜியார்' எண்டான்!"

பெருநாள் கழிந்து நோற்கும் நோன்பு. கட்டாயமில்லாத அந்த நோன்பையும் விடாமல் பிடித்த ஒருவனைத்தான் ஊர் குடிகாரன் என்றது.

"இதை நானாட பொஞ்சாதி றுக்கியா மச்சி வீடு வீடாச் சொன்னவ," என்றாள் நிப்லா. "விடிய முந்தி ஸஹருக்கு நான்தான் எழுப்பிச் சோறு போட்டன் எண்டு கத்திக் கத்திச் சொன்னவ. புருசனை மறைக்கப் பாக்கிறா எண்டு சிரிச்சாங்க. ஹாஜியார், இன்னொருக்காச் சொல்லுங்க. பின்னால நிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."

"மகள்..."

"சொல்லுங்க!"

"அவன்... நோன்போட இரிந்தான். குடிக்கல்ல."

"அப்ப பஹ்மி அண்ணன் தள்ளாடினது?" என்று டினேஷ் கேட்டான்.

"இந்த ஆவி தலைக்கு ஏறினா ஆரும் அப்பிடித்தான் தள்ளாடுவாங்க. கொஞ்சம் முந்தி நீ திறந்தியே, அந்த ஆவி," என்றாள் நிப்லா.

டினேஷ் தன் இரண்டு கையையும் கட்டியிருந்த சாரத்தில் அழுத்தித் துடைத்தான்.

அபூதாஹிர் காக்கா ஹாஜியாருக்கு நேரே வந்து நின்றார். "நோன்பாளியையா நீங்க குடிகாரனாக்கினீங்க? அந்த ஜனாஸாவுக்கு நானும் போகல்ல, தெரியுமா? உங்கட கதையை நம்பி நானும் போகல்ல." காறித் துப்பினார். "இண்டைக்கு லுஹர் தொழுகைக்குப் பள்ளியில நான் எழும்பி இதைச் சொல்லுவன். நீங்களும் வாங்க. வந்து முதல் வரிசையில இரிங்க."

வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றி ஹாஜியாரின் காலடியில் எறிந்துவிட்டுக் கிண்ணியாப் பாலத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். ஹாஜியார் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, அடிபட்ட ஆளுக்கு வரும் முரட்டுத் தைரியத்தோடு நிப்லாவின் பக்கம் திரும்பினார்.

"சரி. வென்றிட்டீங்க. ஆனா ஒரு மௌத்தை வச்சு என்ட ட்ரம்மில மண்டையோடு ஒட்ட ஏலாது. எலிக்கு மூச்சில குடுத்த சோதனை வரணும். அந்த முடிவு வாற வரைக்கும் நான் விடமாட்டன். கொழும்புக்குப் போவன்!"

அருளம்பலம் நிப்லாவைப் பார்த்து, சொல்லலாம் என்பது போலத் தலையசைத்தார்.

"சோதனை முடிவு போன கிழமையே வந்துட்டு, ஹாஜியார். மண்டையோடுதான். நீங்க இந்தக் கதிரையில வந்து இருக்க முந்தியே ஐயா கையெழுத்தும் வச்சிட்டார். லேபலுக்கு உங்கட வாக்குமூலம் தேவைப்படவே இல்ல."