நாற்காலிகள் போன இடம்

“நாற்காலியெல்லாம் எங்க, செர்வா? ஹால் மொட்டையா கிடக்கு!”

“எங்க மாமா சாவுக்குப் போயிருக்கு. வர்ற ஜனத்தைத் தரையிலயா உக்கார வைக்கிறது?”

“திங்கக்கிழமை அக்ராலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க!”

“ஞாயிறு சாயங்காலம் எல்லாம் திரும்பிடும். கத்தாதீங்க புரொபசரே, பக்கத்து வீட்டுக் காது நீண்டிருக்கு.”

நீண்டிருந்த காது என்னுடையதுதான். துணி காயப்போட வந்திருந்தேன். இப்படிப்பட்ட நேரங்களில் எனக்கு எப்படியோ ஈரத்துணி அகப்பட்டுவிடும்.

ஓப்போங் புரொபசர் குமாசி அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காகத் தன் மாடி வீட்டையே பல்கலைக்கழகமாக்கினார். பெயர்ப்பலகை வந்தது, உரிமம் வரவில்லை. ஒரு முறை நூலகம் சிறிது என்றார்கள், மறுமுறை கழிப்பறை போதாது என்றார்கள். தலைநகர் அக்ராவிலிருந்து வரும் இதுதான் கடைசி ஆய்வு. தவறினால் மூட வேண்டியதுதான். மனிதர் கட்டிக் கட்டியே ஓய்ந்திருந்தார். அவர் மனைவி செர்வாவின் தாய்மாமனும் எங்களூர் வழக்கப்படி பிணவறை ஐஸில் மாதக்கணக்காக அடக்கத் தேதிக்குக் காத்திருந்தார். அவர் காரியம் முதலில் கைகூடியது.

ஆய்வு அதிகாரி போவாடு, செத்தவரின் குலத்துக்காரர். எப்படியும் சாவுக்கு வருகிறோம், இரண்டு பயணம் எதற்கு என்று சனிக்கிழமை காலையே பல்கலைக்கழகத்தில் நுழைந்துவிட்டார். துக்கத்துக்கான கறுப்புத் துணி போர்த்தியபடி காலி ஹாலைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். நேரே பந்தலுக்குப் போய் ஒரு நீல நாற்காலியில் சாய்ந்தார். அதன் முதுகில் ‘ஓப்போங் பல்கலைக்கழகம்’ என்று வெள்ளை எழுத்து.

பல்கலைக்கழகத்தின் பதிவாளர்ப் பெண் டுஃபி ஓடிவந்து சொல்ல, புரொபசர் பந்தலுக்கு ஓடினார். பின்னால் டுஃபியும் நானும்.

“ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க. நாற்காலி முதுகைப் பாருங்க. இங்க இருக்கிறதெல்லாம் எங்களுது!”

முரசு நின்றது. துக்கத்துக்கு வந்தவரை இருக்கையிலிருந்து எழுப்புவது எங்களூரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

“என்ன மாப்பிள்ளை,” என்றார் குலத்தலைவர், “நாற்காலி வேணுமா? எல்லாரும் எழுந்துக்கிறோம், தூக்கிட்டுப் போங்க.”

பாதிப் பந்தல் எழுந்துவிட்டது. செர்வா புரொபசரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்தவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“உக்காருங்க,” என்றார். “எல்லாரும் உக்காருங்க.” பிறகு தானும் ஒன்றில் உட்கார்ந்தார். அவருடையதுதான்.

போவாடு சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் சாய்ந்தார். “வருத்தப்படாதீங்க புரொபசர். ஆனா பந்தல்ல பாத்ததை நான் எழுத முடியாது. ஹால்ல பாத்ததைத்தான் எழுதணும்.”

அப்படியே எழுதினார். பலகை இறங்கியது, வீடு ஒரு ஜெபக்கூட்டத்துக்கு வாடகைக்குப் போனது. நாற்காலிகள் மட்டும் இன்னும் ஊரின் எல்லாச் சாவுக்கும் போய்வருகின்றன, பெயரோடு. டுஃபி, சாவுக்கு வந்திருந்த போவாடுவின் அக்கா மகனைக் கட்டிக்கொண்டு அக்ராவுக்குப் போனாள். அந்தப் பந்தலில்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள், நான் கவனித்தேன். புரொபசரும் செர்வாவும் தேமாவில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.