மாமன் கொண்டுவந்த பஞ்சு

1983 மே மாதம், திருமங்கலத்தை அடுத்த ஒரு கோயில் திருவிழாவில், மேலே போய் வெடிக்க வேண்டிய அதிர்வேட்டு ஒன்று தரையிலேயே வெடித்தது. யாருக்கும் காயமில்லை.

பக்கத்தில் நின்ற காசிமாயன், அப்பாவின் பஞ்சுக் கடையில் எடை போடுபவன். அன்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் படுத்தான். கதவு சாத்தினாலும் காதைப் பொத்தினான். வீட்டார் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். உடுக்கைச் சத்தத்தில் பயம் இன்னும் கூடியது.

மறு தை மாதம் அக்கா அன்னக்கொடி அவனை மதுரைக்கு, மனநல டாக்டர் சலேத்மேரியிடம் அழைத்துவந்தாள். சித்திரையில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைப்பார்கள். தாய்மாமன் சீர் வேட்டுச் சத்தத்தோடுதான் ஊருக்குள் நுழையும்.

"இவன் வரலைன்னா என் மாமியா அவுக சொந்தத்துல ஒருத்தரை மாமன்னு உக்கார வச்சிரும், டாக்டர்."

"நான்தான் மாமன். தோடு வாங்கிட்டேன்," என்றான் காசிமாயன், மேசையைப் பார்த்தபடி.

சிறு வயது முதலே அவனுக்கு ஆட்டிசம் என்றும், அது அவன் இயல்பு, அதை மாற்றப்போவதில்லை என்றும் டாக்டர் சொன்னார். பார்க்க வேண்டியது வேட்டு விட்டுப்போன பயத்தை மட்டும்.

"கண்ணை மூடிக்கிட்டு அமைதியான ஒரு இடத்தைப் பாருங்க."

"கண்ணை மூடுனா எப்படிப் பாக்குறது?"

"சரி. பயம் எப்படி இருக்கு?"

"தெரியல."

"எம்புட்டு இருக்கு?"

யோசித்தான். "கோயில் தெரு ஒரு மூட்டை. இப்ப நீங்க பயம்னு சொன்னது கால் கிலோ."

அதற்குப் பிறகு டாக்டர் எடையிலேயே பேசினார். ஒரு நாள் காகிதப் பையை ஊதி உடைத்தார். "பத்து கிலோ," என்றான் மேசைக்கு அடியிலிருந்து. இன்னொரு பையை அவனிடம் கொடுத்தார். உடைத்தான். "முக்கால் கிலோ."

"ரெண்டும் ஒரே பைதானே?"

"நீங்க எப்ப ஒடைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல."

சிகிச்சை அந்த வழியில் போனது. பலூன், ஓலை வெடி, எல்லாவற்றையும் அவனே வெடித்தான். திருவிழா நாளில் நடந்ததை வரிசையாகச் சொல்லப் பழகினான். கடைசி வரியைச் சொல்லவைக்காமல் டாக்டர் விடவே மாட்டார்: "நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

ஏப்ரலில் அறிவித்தான். "சீரு என்னோடது. வேட்டும் நான்தான் போடுவேன்."

காதுகுத்துக்கு முந்தின நாள் அக்காவின் ஊரில் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்தான். கூடவே ஒரு துண்டு பஞ்சு.

"நாளைக்குப் பத்தரைக்கு வேட்டு. இது காதுக்கு."

அக்காவின் மாமியார் ஒச்சாயி பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமன் சீருன்னா பட்டு வரும், பாத்திரம் வரும். ஒனக்குப் பஞ்சுதான் கெடச்சுதா?"

"பட்டும் இருக்கு அத்தே. அது நாளைக்கு."

மறுநாள் நீளக் குச்சியில் நெருப்போடு நின்றான். ஆனால் பற்றவைக்கவில்லை. மேளக்காரர்கள் காத்திருந்தார்கள்.

"என்னடா?" என்றாள் அன்னக்கொடி.

"அத்தை இன்னும் வைக்கல."

தெருவே ஒச்சாயியைத் திரும்பிப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே பஞ்சைக் காதில் திணித்தாள். வேட்டு மேலே போய் வெடித்தது. காசிமாயன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, குச்சியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, பந்தலுக்குப் போய் மடியைக் காட்டினான்.

ஆசாரி காது குத்தினார். பிள்ளை வீறிட்டது. "அழவே இல்ல, கெட்டிக்காரி," என்று காதில் பஞ்சோடு ஒச்சாயி எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்த வாரம் டாக்டர் எடை கேட்டார். ரெண்டு கிலோ என்றான். இப்போது கட்டிலின் மேல் படுக்கிறான்.